‘மாற்கு எழுதின சுவிசேஷம்’: எழுதியது யார், யாருக்காக?

என் மேசை மேல் இரண்டு தமிழ் பைபிள்கள் விரித்துக் கிடக்கின்றன. கறுப்பு அட்டை போட்ட பழைய மொழிபெயர்ப்பில் தலைப்பு ‘மாற்கு எழுதின சுவிசேஷம்’. பக்கத்தில் இருக்கும் திருவிவிலியத்தில் ‘மாற்கு நற்செய்தி’. ஒன்றில் ‘எழுதின’ இருக்கிறது, மற்றதில் இல்லை. பழைய கிரேக்கச் சுவடிகளைப் பார்த்தால், அங்கே இருப்பது ‘கதா மார்கோன்’. மாற்கின்படி, மாற்கு சொல்கிறபடி என்று பொருள். ‘எழுதின’ என்ற சொல் நம் மொழிபெயர்ப்பாளர் போட்டுக் கொடுத்தது.

அவர் மேல் தப்பில்லை. தமிழில் ‘மாற்கின்படி’ என்று மொட்டையாக நின்றால் நன்றாகவா இருக்கும்? ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்சிகள் சண்டை போடுகின்றன. ஒரு கட்சி, “மாற்கு பன்னிரண்டு சீடரில் ஒருவர், கூடவே இருந்து பார்த்து எழுதினார்” என்கிறது. இந்த நூலின் 3ஆம் அதிகாரத்தில் பன்னிருவர் பட்டியல் இருக்கிறது, போய்ப் பாருங்கள். மாற்கு என்று ஒருவர் அதில் கிடையாது. பழைய சபை மரபும் அவரை அந்தப் பன்னிருவரில் சேர்க்கவில்லை. மறு கட்சி, “எல்லாம் கான்ஸ்டன்டைன் ராஜா காலத்தில் கட்டிவிட்ட பெயர்” என்கிறது. நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசரான அந்த ராஜாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே, கி.பி. 180 வாக்கில், லியோன் நகரத்து ஆயர் இரேனியுஸ் நான்கு சுவிசேஷங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டார். ஆக, இரண்டு கட்சிக்கும் தோல்வி. உண்மையில் என்ன தெரியும் என்று மெதுவாகப் பார்ப்போம்.

திருக்குறளை நினைத்துக்கொள்ளுங்கள்

1330 குறளையும் புரட்டினாலும் ‘வள்ளுவன் நான் எழுதுகிறேன்’ என்று ஒரு வரி கிடைக்காது. அவர் பெயர் நமக்கு நூலுக்கு வெளியே இருந்து, வழிவழியாக வந்தது. அதனால் அந்தப் பெயர் பொய் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. அதே சமயம் வள்ளுவரைப் பற்றி உலவும் கதைகள் எல்லாம் வரலாறு ஆகிவிடுவதும் இல்லை. நூல் ஒன்று, நூலின் மேல் ஒட்டிய பெயர் ஒன்று, அந்தப் பெயரைச் சுற்றி வளர்ந்த கதை ஒன்று. மூன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

மாற்கு விஷயமும் இதே மாதிரிதான். 16 அதிகாரம் கொண்ட, நான்கில் மிகச் சிறிய சுவிசேஷம் இது. எழுதியவர் ஓரிடத்திலும் தன் பெயரைச் சொல்வதில்லை. பவுல் தன் கடிதங்களை ‘பவுல் எழுதுகிறதாவது’ என்கிற தோரணையில் தொடங்குவார். லூக்கா பெயர் சொல்லாவிட்டாலும் முகவுரையில் ‘நான்’ என்றாவது பேசுகிறார். இவர் அதுவும் செய்யவில்லை. நேராகக் கதைக்குள் இறங்கிவிடுகிறார்.

அப்படியானால் தலைப்பு எப்போது வந்தது? ஒரு தெருவில் ஒரே ஒரு முருகன் இருந்தால் அவர் வெறும் முருகன். இரண்டாவது முருகன் குடிவந்ததும் ஒருவர் மாடிவீட்டு முருகன் ஆகிவிடுகிறார், இன்னொருவர் மில்லுக்காரர் முருகன். ஒரு சபையில் ஒரே சுவிசேஷம் இருந்தவரை அது வெறும் ‘சுவிசேஷம்’. இரண்டாவது ஒன்று கைக்கு வந்தபோது, எது எது என்று பிரிக்க ‘இன்னாரின்படி’ என்ற அடையாளம் தேவைப்பட்டிருக்கும். இது இரண்டாம் நூற்றாண்டில் நடந்திருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: இந்த நூலுக்குப் போட்டியாக வேறொரு பெயர் போட்ட சுவடி கிடைத்ததில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நூலுக்குள் ஆசிரியர் பெயர் இல்லை, தலைப்பு பின்னால் சேர்ந்தது, சேர்ந்த தலைப்பு எங்கும் ஒரே பெயரைத்தான் சொல்கிறது.

பேதுருவின் மொழிபெயர்ப்பாளர்

நூலுக்கு வெளியே கிடைக்கும் சாட்சியைப் புறச்சான்று என்கிறோம். மாற்குவுக்குக் கிடைக்கும் மிகப் பழைய புறச்சான்று பப்பியா என்ற ஆயர் சொன்னது. இன்றைய துருக்கியில் இருக்கும் எராப்போலி அவர் ஊர். இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐந்து புத்தகங்கள் எழுதினார். ஐந்தும் தொலைந்துவிட்டன. நான்காம் நூற்றாண்டில் சபை வரலாறு எழுதிய யூசேபியுஸ் எடுத்தாண்ட சில பத்திகள்தான் மிச்சம்.

அதில் பப்பியா, ஒரு மூப்பர் தன்னிடம் சொன்னதாகச் சொல்லும் செய்தி இது: மாற்கு, பன்னிரண்டு சீடரில் ஒருவரான பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்தார், இயேசுவை அவர் நேரில் கேட்டதில்லை, பேதுரு சமயத்துக்குத் தக்கபடி சொன்னவற்றை நினைவிலிருந்து கவனமாக எழுதினார், ஆனால் வரிசையாக அல்ல.

இந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம்? யூசேபியுஸ் எழுதினார், யூசேபியுஸுக்கு பப்பியா சொன்னார், பப்பியாவுக்கு மூப்பர் சொன்னார். கல்யாண வீட்டில் பெரியப்பாவின் மைத்துனர் சொன்னதாக வரும் தகவலுக்கு நாம் கொடுக்கும் மதிப்பை இதற்கும் கொடுக்கலாம்: தள்ளவும் வேண்டாம், சத்தியம் பண்ணவும் வேண்டாம். இதில் வேடிக்கை, பப்பியாவை மேற்கோள் காட்டும் யூசேபியுஸே, அதே பகுதியில், அவர் புத்தி கொஞ்சம் மட்டு என்றும் எழுதிவைத்திருக்கிறார்.

எனக்கு இதில் உறைப்பாகப் படுவது ‘வரிசையாக அல்ல’ என்ற ஒப்புதல். ஒரு நூலை உயர்த்திப் பிடிக்க நினைப்பவர் அதன் குறையைத் தானாகச் சொல்லமாட்டார். அதைக் குறை சொல்லி யாரோ ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள், பப்பியா வக்காலத்து வாங்குகிறார் என்று தெரிகிறது. இன்னொன்று: பெயரைக் கற்பனையாக ஒட்டுவதென்றால் நேராக ‘பேதுருவின்படி’ என்றே ஒட்டியிருக்கலாமே? அதிகம் பேர் அறியாத உதவியாளர் பெயரை ஏன் தேட வேண்டும்? மரபின் பக்கம் இருக்கும் வலுவான கேள்வி இது.

எந்த மாற்கு?

புதிய ஏற்பாட்டில் யோவான் மாற்கு என்று ஒருவர் வருகிறார். எருசலேமில் அவர் தாயார் மரியாளின் வீட்டில் சபை கூடியது. சிறையிலிருந்து தப்பிய பேதுரு போய்க் கதவைத் தட்டியது அந்த வீட்டில்தான். பின்னால் பவுலோடும் பர்னபாவோடும் பயணம் போனார். பெர்கே என்ற ஊரில் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த பயணத்துக்கு இவரைக் கூட்டிப்போவதா என்று பவுலும் பர்னபாவும் சண்டை போட்டுப் பிரிந்தே போனார்கள். பேதுருவின் பெயரில் இருக்கும் முதல் கடிதம் ‘என் குமாரனாகிய மாற்கு’ என்று முடியும் தறுவாயில் ஒருவரைக் குறிப்பிடுகிறது.

சபை மரபு இவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாக்கி, சுவிசேஷத்தை அவர் கையில் கொடுத்தது. இருக்கலாம். ஆனால் மார்க்குஸ் என்பது அன்றைய ரோமப் பேரரசில் நம் ஊர்க் குமார், செந்தில் போல. கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

எருசலேமில் வளர்ந்தவர் எழுதிய நூல்தானா என்று சந்தேகம் கிளப்பும் இடங்களும் உண்டு. 7ஆம் அதிகாரத்தில் இயேசு தீருவிலிருந்து புறப்பட்டு, சீதோன் வழியாக, கலிலேயாக் கடலுக்கு வருகிறார். வரைபடத்தில் கலிலேயா தீருவுக்குத் தென்கிழக்கே இருக்கிறது, சீதோனோ வடக்கே. சென்னையிலிருந்து கிளம்பி நெல்லூர் வழியாக வேலூர் போன கதை. சுற்றிப் போயிருக்கலாம், வேலை இருந்திருக்கலாம். ஆனால் அந்த நிலத்தை நடந்து அறிந்தவர் எழுதுகிற வாக்கியம் இது இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எருசலேம்காரருக்குக் கலிலேயாவின் வடக்கு எல்லை தெரிந்திருக்க வேண்டுமா என்று எதிர்க்கேள்வியும் உண்டு. எனக்கு இந்த வாதம் பாதிதான் ஒட்டுகிறது.

இந்தப் பகுதியிலிருந்து கொண்டுபோக வேண்டியது: மாற்கு என்ற பெயர் உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த மாற்கு எருசலேம் மரியாளின் மகன் என்பது நிரூபிக்க முடியாத மரபு. பேதுருவின் தொடர்பு இரண்டுக்கும் நடுவில்.

‘அதாவது’ காட்டிக்கொடுக்கும்

எழுதியவர் யார் என்பதில் இவ்வளவு இழுபறி. யாருக்காக எழுதினார் என்பதில் நிலைமை எவ்வளவோ தேவலை. ஏனென்றால் அதற்கு நூலே சாட்சி. நூலுக்குள்ளிருந்து எடுக்கும் இந்தச் சாட்சிக்கு அகச்சான்று என்று பெயர்.

உங்கள் பாட்டி பக்கத்து வீட்டு மாமிக்குக் கொழுக்கட்டை செய்முறை சொன்னால், “ஒரு ஆழாக்கு மாவு, பூரணம் நேத்து மாதிரியே” என்று முடித்துவிடுவார். அதையே வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பேரன் பெண்டாட்டிக்குச் சொல்லும்போது, “பூரணம்னா, அதாவது, தேங்காயும் வெல்லமும் கிளறினது” என்பார். அந்த ‘அதாவது’வை மட்டும் ஒட்டுக் கேட்டால் போதும், எதிரே உட்கார்ந்திருப்பது மாமியா பேரன் பெண்டாட்டியா என்று சொல்லிவிடலாம்.

மாற்கு நூல் முழுக்க இந்த ‘அதாவது’ வருகிறது. இயேசுவும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் பேசியது அரமேயம், எபிரேயத்துக்குத் தங்கை மொழி. நூல் எழுதப்பட்டதோ கொய்னே கிரேக்கத்தில், கிழக்கு மத்தியதரைக் கடல் முழுக்கச் சந்தையிலும் துறைமுகத்திலும் பேசப்பட்ட பொதுக் கிரேக்கம் அது. இறந்த சிறுமியின் கையைப் பிடித்து இயேசு சொல்லும் அரமேயச் சொல்லை மாற்கு அப்படியே வைக்கிறார்: ‘தலீத்தாகூமி’. அடுத்த மூச்சில் பொருள் சொல்கிறார், சிறுபெண்ணே எழுந்திரு என்று. ‘கொர்பான்’, ‘எப்பத்தா’, ‘கொல்கொதா’, சிலுவையில் கதறிய ‘ஏலோயீ ஏலோயீ’, எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே பொருள் தருகிறார். கேட்டவர்களுக்கு அரமேயம் தெரியாது.

மொழியோடு நிற்கவில்லை. 7ஆம் அதிகாரத்தில் யூதர்கள் கை கழுவாமல் சாப்பிடமாட்டார்கள், சந்தையிலிருந்து வந்தால் இன்னின்னது செய்வார்கள், கிண்ணம் செம்பு எல்லாம் கழுவுவார்கள் என்று நின்று நிதானமாக விளக்குகிறார். மத்தேயு இதே சம்பவத்தைச் சொல்லும்போது இந்த விளக்கத்தை விட்டுவிடுகிறார். மத்தேயுவின் ஆட்களுக்கு அது தெரிந்த சங்கதி போலிருக்கிறது. மாற்கின் ஆட்களில் பலர் யூத வீடுகளில் வளராதவர்கள்.

இப்போது ஒரு காசைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஏழை விதவை ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போட்டது இரண்டு லெப்தா, மிகச் சின்னச் செப்புக்காசு. மாற்கு உடனே, அதாவது ஒரு கொத்ராந்தேஸ், என்கிறார். அது ‘குவாட்ரன்ஸ்’ என்ற ரோமக் காசின் பெயர், கிரேக்க எழுத்தில். கிரேக்கக் காசின் மதிப்பை ரோமக் காசால் விளக்குகிறார். நம் பழைய தமிழ் பைபிளில் இந்த வரி, ‘ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசைப் போட்டாள்’ என்று வருகிறது. துட்டு என்ற சொல்லே டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ என்ற செப்புக்காசிலிருந்து தமிழுக்கு வந்தது. அதாவது தமிழ் மொழிபெயர்ப்பாளர், தன் ஆட்களின் மடியில் என்ன காசு கிடந்தது என்று பார்த்து அதன் பெயரைப் போட்டிருக்கிறார். மாற்கு செய்ததும் துல்லியமாக அதேதான். மாற்கின் ஆட்கள் மடியில் குவாட்ரன்ஸ் கிடந்தது.

எங்கே, எப்போது

குவாட்ரன்ஸ் ரோமிலும் மேற்குப் பக்கத்திலும் புழங்கிய காசு. இதோடு, மத்தேயுவும் லூக்காவும் நூற்றுக்கு அதிபதிக்குக் கிரேக்கச் சொல் போடும் இடத்தில் மாற்கு லத்தீன் சொல்லான ‘கென்தூரியோ’வைப் போடுகிறார். இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, இந்த நூல் ரோமில் எழுதப்பட்டது என்கிறார். ஆகவே ரோம் என்பது பழைய விடை, இன்றும் பலர் ஏற்கும் விடை.

ஒரு எச்சரிக்கை. நாம் தினமும் கலெக்டர், போலீஸ், கோர்ட் என்கிறோம். அதை வைத்து நாம் லண்டனில் இருக்கிறோம் என்று ஒருவர் முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? ஆட்சியும் ராணுவமும் போன இடமெல்லாம் அவற்றின் சொற்களும் போகும். லேகியோன் (ரோமப் படைப்பிரிவு), கென்தூரியோ எல்லாம் அந்த வகை. அதனால் சிலர் சிரியாவையோ பாலஸ்தீனத்தின் ஓரத்தையோ சொல்கிறார்கள். சில்லறைக் காசின் பெயர் ராணுவச் சொல் போலப் பரவுவதில்லை என்பதால் நான் ரோம் பக்கம் சாய்கிறேன். பந்தயம் கட்டமாட்டேன்.

காலத்துக்கு ஒரு நங்கூரம் இருக்கிறது. யூதர்கள் ரோமுக்கு எதிராகக் கலகம் செய்தது கி.பி. 66இல். ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேம் ஆலயத்தை எரித்துத் தரைமட்டம் ஆக்கியது 70இல். மாற்கின் 13ஆம் அதிகாரம் முழுக்க அந்த நெடி அடிக்கிறது. கல்லின் மேல் கல் இராது என்கிறது. ‘பாழாக்கும் அருவருப்பு’ நிற்கத்தகாத இடத்தில் நிற்கும்போது யூதேயாவில் இருப்பவர்கள் மலைக்கு ஓடட்டும் என்கிறது. நடுவில் திடீரென்று ‘வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்’ என்று ஒரு அடைப்புக்குறி. கதைக்குள் இயேசு பேசிக்கொண்டிருக்கிறார், கேட்பவர்கள் சீடர்கள், அங்கே வாசிப்பவன் எங்கிருந்து வந்தான்? எழுதியவர் கதையிலிருந்து தலையை வெளியே நீட்டி, இது உங்களுக்குத் தெரிந்த சமாசாரம், புரிந்துகொள்ளுங்கள், என்று கண்ணைக் காட்டுகிறார். அதனால் 70க்குச் சற்று முன்னோ பின்னோ, 65க்கும் 75க்கும் இடையில் என்று பெரும்பாலோர் வைக்கிறார்கள். இயேசு இறந்து ஏறத்தாழ நாற்பது வருடம்.

மத்தேயு, லூக்கா இருவரும் மாற்கை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்பதும் இன்று பெரும்பான்மைக் கருத்து. மாற்கில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவில் வந்துவிடுகிறது, பல இடங்களில் சொல்லுக்குச் சொல். பழங்காலத்தில் நேர் எதிராக, மாற்குதான் மத்தேயுவைச் சுருக்கினார் என்று அகுஸ்தீன் நினைத்தார். இந்த விவாதம் தனிக் கட்டுரைக்கு உரியது, விடுகிறேன்.

முதல் நூற்றாண்டுச் சுவடி கிடைத்துவிட்டது என்ற செய்தியைச் சிலர் இன்னும் பகிர்கிறார்கள். 2012இல் அப்படி ஒரு பேச்சுக் கிளம்பியது உண்மை. எகிப்தின் ஆக்சிரிங்கஸில் குப்பை மேட்டிலிருந்து எடுத்த துணுக்கு அது. 2018இல் பதிப்பித்துப் பார்த்தபோது இரண்டாம் நூற்றாண்டின் இறுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று ஆனது. தபால்தலையை விடச் சற்றுப் பெரிய துண்டு, முதல் அதிகாரத்தின் சில வரிகள். அதுவே பெரிய விஷயம்தான், ஆனால் வாட்ஸ்அப்புக்கு அது போதவில்லை.

கேட்டவர்கள்

‘வாசிக்கிறவன்’ என்பது தனியாக உட்கார்ந்து மனதுக்குள் படிப்பவனாக இருக்கத் தேவையில்லை. அன்று எழுத்தறிந்தவர்கள் கொஞ்சம், சுவடி விலை அதிகம். டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, மற்றவர்கள் காது கொடுப்பது போல, யாரோ ஒருவர் ஒரு வீட்டுக் கூடத்தில் இதை வாசித்திருப்பார். மொத்த நூலும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நடையும் அதற்குத் தோதானது. ‘உடனே’ என்ற சொல் மட்டும் நாற்பது தடவைக்கு மேல் வருகிறது.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பயந்துபோய் இருந்தார்கள் என்றும் ஊகிக்கலாம். 64இல் ரோம் தீப்பற்றி எரிந்தபோது நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டு அவர்களைக் கொடூரமாகக் கொன்றதை ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் பதிவு செய்திருக்கிறார். மாற்கின் 10ஆம் அதிகாரத்தில், எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு வீடும் உறவும் நிலமும் நூறு மடங்கு கிடைக்கும் என்று இயேசு சொல்கிறார். அந்தப் பட்டியலில் ‘துன்பங்களோடேகூட’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. மத்தேயுவிலும் லூக்காவிலும் அது இல்லை. மூன்று தடவை மறுதலித்த பேதுருவையும், விட்டு ஓடிய சீடர்களையும் இந்த நூல் கொஞ்சமும் பூசி மெழுகாமல் காட்டுகிறது. விசாரணையில் பயந்து இயேசுவைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் அந்தக் கூடத்தில் இருந்திருந்தால், பேதுரு அழுத இடத்தில் எப்படிக் கேட்டிருப்பார்கள்!

எனக்கு மிகப் பிடித்த தடயம் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசுவின் சிலுவையைச் சுமக்க, வயலிலிருந்து வரும் ஒருவரைப் படைவீரர்கள் பிடித்து இழுக்கிறார்கள். சிரேனே ஊர்க்காரர், சீமோன். மத்தேயுவும் லூக்காவும் இவ்வளவோடு நிறுத்துகிறார்கள். மாற்கு மட்டும், அவர் அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன், என்று சேர்க்கிறார். நூலில் அதற்கு முன்னும் பின்னும் அந்த இருவரைப் பற்றிப் பேச்சே கிடையாது.

நம் தெருவில் ‘செல்வியோட அம்மா’ என்று ஒருவரை எப்போது சொல்வோம்? எதிரே நிற்பவருக்குச் செல்வியைத் தெரியும் என்றால்தான். ரோமச் சபைக்கு எழுதிய கடிதத்தின் முடிவில் பவுல் ரூப்பு என்ற ஒருவருக்கு வாழ்த்துச் சொல்கிறார். 1941இல் எருசலேமின் கெதரோன் பள்ளத்தாக்கில் ‘அலெக்சந்தர், சீமோன் மகன்’ என்று பொறித்த எலும்புப் பெட்டி ஒன்றும் கிடைத்தது. இரண்டும் எங்கும் இருந்த பெயர்கள். அதே ஆட்கள் என்று சொல்ல வழியில்லை. ஆனால் வாசிப்பவர் அந்த வரிக்கு வந்து, “அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்” என்று உரக்கச் சொன்னபோது, கூடத்தில் யாராவது ஒருவர், ஆமாம், நம்ம ரூப்பு, என்று தலையசைத்திருக்க வேண்டும்.